வாய்க் காயும் அடிக் காயும்

கோட்டைச்சாமியின் ஏலக்காய்க் கடையில் சாக்கைச் சோதிப்பதற்கு ஒரு மரியாதை முறை இருந்தது. முன்பின் தெரியாதவர் கொண்டுவந்த சாக்கு என்றால் அடிப்பக்கம் குத்தூசியைச் செருகி, அதன் குழிவு வழியே வந்து விழுகிற காயைப் பார்ப்பார்கள். வேண்டியவர், சொந்தக்காரர் சாக்கு என்றால் வாய்த் தையலைப் பிரித்து, மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, “சரி, ஏத்து” என்பதோடு சோலி முடிந்தது. மச்சான் சாக்கில் குத்தூசி போடுவதும், மச்சான் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சோற்றில் கல் பொறுக்கிக் காட்டுவதும் ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஈஸ்வரன் அதைத்தான் செய்தான்.

ஈஸ்வரன் அந்தக் கடையில் சாம்பிள் பார்க்கிறவன். அவன் மனைவி தேவி அதே கடையின் பின்கட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். தேவியின் அண்ணன் சோலைமலை குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தான். காயை அங்கேயே உலர்த்தி, சலித்து, சாக்கில் கட்டி, ஜீப்பில் போடியில் இருக்கிற இந்தக் கடைக்கு அனுப்புவான். அவன் சாக்குக்கு ஒரு பேர் இருந்தது. ‘நூத்துக்குத் தொண்ணூறு எட்டு எம்.எம்.’ என்பது அவன் வாக்கு. அதாவது எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நூறு காயைப் போட்டு ஆட்டினால் தொண்ணூறு மேலே நிற்கும், பொடிக்காய் பத்துதான் கீழே விழும். ஈஸ்வரன் வருடக்கணக்காக வாயில் ஒரு கை அள்ளிப் பார்த்து, “மச்சான் சொன்னா சொன்னதுதான்” என்று ஏற்றிக்கொண்டிருந்தான்.

வடக்கே சரக்கு வாங்குகிறவர்களிடமிருந்து புகார் வந்தது, சாக்குக்குள் காய் ஒரே சீராக இல்லை என்று. கோட்டைச்சாமி கடை அதிரச் சத்தம் போட்டார். “இனிமே சொந்தம் பந்தமெல்லாம் வீட்டோட. எல்லாச் சாக்குக்கும் ஊசி போடு.” முதலாளி சொல்லைத் தட்ட முடியாமல் ஈஸ்வரன் மச்சானின் சாக்கிலும் அடியில் ஊசியைச் செருகினான். நூறு காயைச் சலித்தான். இருபத்தாறு கீழே விழுந்தது. நம்ப முடியாமல் வாய்ப் பக்கமிருந்து நூறு எடுத்துச் சலித்தான். மூன்றே மூன்று விழுந்தது.

மேலே நல்ல காயைப் பரப்பி, அடியில் பொடிக்காயைத் தள்ளி மூடுவது அந்த வியாபாரத்தில் பழைய திருட்டு. அந்தப் பேர் ஒரு தடவை விழுந்துவிட்டால் பிறகு அவன் சாக்கை எந்தக் கடையிலும் இறக்கமாட்டார்கள். சோலைமலை அன்று கடையிலேயே இருந்தான். சல்லடைக்குக் கீழே கிடந்த காயைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான்.

“நான் பொடிக்காயை அடியில போட்டு மூடுனேங்கிறியா மாப்ளே?”

“நான் சொல்லல மச்சான். ஊசி சொல்லுது.”

“ஊசியப் பிடிச்ச கை யாரு கை?”

இதற்குப் பதில் கோட்டைச்சாமியிடம் இருந்தது. “மேல ஆனையும் அடியில பூனையும் தானா வந்து உக்காராதுப்பா. ஒண்ணு இவரு கள்ளச்சாக்கு கட்டிருக்காரு, இல்ல உனக்குச் சாம்பிள் எடுக்கத் தெரியல. சனிக்கிழமைக்குள்ள எதுன்னு சொல்லு. ரெண்டுல ஒரு ஆளு இந்தக் கடைப்படி ஏறக்கூடாது.” சாக்கைத் தைத்து ஓரமாக நிறுத்திவைக்கச் சொன்னார்.

பின்கட்டுக் கதவில் நின்று தேவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போகிற வழியில் அண்ணன் அவள் முன்னால் நின்றான். “உன் புருசன் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கணும். அது வரைக்கும் எனக்குத் தங்கச்சியும் இல்ல, போடியில வீடும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது தேவிக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணன் கள்ளன் என்றால் பிறந்த வீடு போச்சு. புருசன் பொய்யன் என்றால் வாழ்கிற வீடு போச்சு. வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பாள். தேவிக்கு அழுகையும் வந்தது, அதைவிடப் பெரிதாக ஆவல் வந்தது. அது அவளுக்குப் பிறவிக் குணம். யார் எதைச் சொன்னாலும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள். ‘என் வாக்கு பத்துக்கு எட்டு பலிக்கும்’ என்று பெருமையடித்த ஜோசியரிடம் வருடக் கடைசியில் போய், “சாமி, எண்ணிப் பாத்துட்டேன், பத்துக்கு நாலுதான் தேறுது” என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அந்த ஜோசியர் இன்றைக்கும் அவளைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

சாயங்காலம் புருசனுக்குச் சோறு வைத்தபடியே கேட்டாள். “நெசமாவே சரியா எண்ணுனீகளா?”

“ரெண்டு தடவ எண்ணுனேன். உங்கண்ணன் மேல எனக்கென்ன விரோதம்?”

“விரோதம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா நூறு காய்தான எடுத்தீக? சாக்குல எத்தனை ஆயிரம் கெடக்கு. உங்க கைக்குக் கெட்ட நேரம், பொடிக்காயா மாட்டிருக்கலாம்ல?”

ஈஸ்வரன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். “மாட்டலாம். ஆனா இருபத்தாறா?” என்று கேட்டான். அவனுக்கும் அது தெரியாது. அவள் சாப்பிடாமல் அந்தக் கேள்வியையே மென்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தேவி ஒரு பிளாஸ்டிக் தொட்டியை நடுவில் இழுத்துப் போட்டாள். சலித்து வைத்த பெரிய காயில் தொள்ளாயிரம், பொடிக்காயில் நூறு எண்ணிப் போட்டு நன்றாகக் கிளறினாள். பக்கத்தில் பொறுக்குகிற முனீஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்னடி இது, பொறுக்குனதையே திரும்பக் கலக்குற?”

“இது எங்கண்ணன் சாக்கு மாதிரி. அவன் சொன்ன வாக்கு அப்படியே நெசம்னு வச்சுக்குவோம். நூத்துக்குப் பத்து பொடிக்காய், கூடவும் இல்ல கொறையவும் இல்ல. இதுல கண்ண மூடிக்கிட்டு நூறு எடுத்தா எத்தனை பொடிக்காய் வரும்னு பாப்போம். இருபத்தாறு ஒரு தடவையாச்சும் வந்துச்சுன்னா, எங்கண்ணனுக்கும் அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லிரலாம்ல?”

முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு நூறு காய் எடுத்தாள். சலித்தால் இரண்டுதான் விழுந்தது. காயைத் திரும்பப் போட்டுக் கிளறி மறுபடி எடுத்தாள். மூன்று. அடுத்து மகாராணி என்பவள் எடுத்தாள், அவளுக்கும் மூன்று. தேவி நெற்றியைச் சுருக்கினாள். பத்து இருக்கிற தொட்டியில் இரண்டும் மூன்றுமாகவே வந்தால் எங்கேயோ உதைக்கிறதே. முனீஸ்வரியை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி, முகத்தை விட்டுவிட்டு விரல்களைக் கவனித்தாள். விரல் காயைத் தொட்டது, விட்டது, பக்கத்துக் காயைத் தொட்டது, அதை எடுத்தது. வருடக்கணக்காகப் பெரிய காயைப் பொறுக்கிப் பழகிய விரல், கண்ணை மூடினாலும் பெரிய காயைத்தான் தேடுகிறது!

“அக்கா, உன் கண்ணு மூடியிருக்கு, கை முழிச்சுக்கிட்டு இருக்கு” என்று சிரித்தாள் தேவி. “கை வேண்டாம். அந்தத் தண்ணி டம்ளரைத் தொடச்சுக் கொண்டா.”

டம்ளரால் மொண்டு, முதலில் விழுகிற நூறை எடுத்துச் சலித்தார்கள். ஒன்பது வந்தது. பிறகு பன்னிரண்டு, எட்டு, பத்து, பதிமூன்று. நாலு பெண்கள் மாறி மாறி மொண்டார்கள். சோற்று வாளி திறக்காமலே கிடந்தது. கோட்டைச்சாமி சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

“காயை வச்சு என்ன பல்லாங்குழியா ஆடுறீக?”

தேவி விளக்கிச் சொன்னாள். திட்டுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, “எங்கிட்ட குடு டம்ளரை” என்றார். அவருக்குப் பதினொன்று வந்தது. என்னமோ பரிசு விழுந்த மாதிரி எல்லாரிடமும் காட்டினார். வேலை நேரம் தொடங்கியும் அவர்தான் நிறுத்தவிடவில்லை.

கடைசியில் பார்த்தால், வந்ததெல்லாம் பத்தை ஒட்டியே வந்தது. தூரப் போனதிலேயே குறைந்தது நான்கு, கூடியது பதினேழு, அதுவும் ஒவ்வொரு தடவைதான். டம்ளரால் மொண்டதில் மூன்று வரவேயில்லை. இருபத்தாறு இருக்கிற திசையிலேயே எதுவும் போகவில்லை. தேவிக்குக் கணக்கு புரிந்துவிட்டது. ஒரே சாக்கில் வாயில் மூன்றும் அடியில் இருபத்தாறும் வந்தது கைவாகு இல்லை, கெட்ட நேரமும் இல்லை. அந்தச் சாக்கில் காய் கலந்து இல்லை. மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் பிரிந்துதான் கிடக்கிறது.

“பிரிஞ்சு கெடந்துச்சுன்னா யாரோ பிரிச்சிருக்காகன்னுதானே அர்த்தம்” என்றாள் மகாராணி.

“யாரோ என்னடி யாரோ” என்று முனீஸ்வரி மெதுவாகச் சொன்னாள். “மனசுல வச்சுக்காத தேவி. உங்கண்ணந்தான்.”

அண்ணனைக் காப்பாற்றப் போட்ட கணக்கு அண்ணன் கழுத்திலேயே விழுந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். கோட்டைச்சாமி டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனார். தேவிக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் கணக்கை வேண்டாம் என்று தள்ளவும் அவளுக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். பிரிந்து கிடப்பது உறுதி. பிரித்தது யார் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் குரங்கணி பஸ்சில் ஏறி, அங்கிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு அண்ணன் தோட்டத்துக்குப் போனாள். சோலைமலை களத்தில் காயைப் புடைத்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, உள்ளே இருந்த மனைவியிடம் சத்தமாகச் சொன்னான். “அமுதவள்ளி, வந்தவுகளுக்குத் தண்ணி குடு. குடிச்சிட்டுப் போகட்டும்.”

“தண்ணி குடிக்க வரலண்ணே. அடுத்த சாக்கை என் கண்ணு முன்னால கட்டு. அதப் பாக்கத்தான் வந்தேன்.”

“என்னை வேவு பாக்க வந்தியா?”

“ஆமா” என்றாள் தேவி. மழுப்பிப் பேச அவளுக்கு வராது. பேசிக்கொண்டே பையிலிருந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த புருசனின் குத்தூசியை எடுத்து வெளியே வைத்தாள். சோலைமலையின் முகம் கறுத்துவிட்டது. பெற்ற தாய் இருந்த வீட்டுக்குத் தங்கச்சி குத்தூசியோடு வந்து நிற்கிறாள்! அமுதவள்ளி மட்டும் குறுக்கே விழவில்லை என்றால் அன்றைக்கு அந்த ஊசி ஓடைக்குப் போயிருக்கும்.

“கட்டித்தான் காட்டுங்களேன்” என்றாள் அமுதவள்ளி. “ஒளிச்சு வைக்க என்ன இருக்கு நம்மகிட்ட?”

அவன் கோபத்தோடே கட்டினான். சலித்த பெரிய காயையும் வழக்கமாகச் சேர்க்கிற பொடிக்காயையும் ஒரே குவியலாகத் தள்ளி, களத்தில் தானியத்தைப் புரட்டுகிற மாதிரி மரப்பலகையால் புரட்டினான். கூடை கூடையாக அள்ளிச் சாக்கில் கொட்டினான். கழுத்துக்கு ஒரு சாண் இடம் விட்டு, தளர்வாகத் தைக்கச் சணல் நூலைக் கையில் எடுத்தான்.

“நெறையப் போட்டு இறுக்கித் தைச்சா என்ன?” என்று கேட்டாள் தேவி.

“காய் வெடிக்கும். சில பேரு இறுக்குவாக, படுக்கப் போட்டு அனுப்புவாக, போடியில போய் இறக்குறப்போ பாதிக்காய் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். என் சாக்குத் தளதளன்னு இருக்கணும், வாய் மேல பாத்து நேரா நிக்கணும். அது என் வழக்கம்.” கோபத்திலும் அந்தப் பெருமை விடவில்லை.

தைப்பதற்கு முன் தேவி சாக்கின் வாயிலிருந்து டம்ளரால் மொண்டு நூறு சலித்தாள். ஒன்பது. அடியில் ஊசியைச் செருகி நூறு எடுத்தாள். பன்னிரண்டு. இரண்டும் பத்துக்கு அக்கம்பக்கம். தொட்டியில் பார்த்த மாதிரியே இருந்தது. அவளுக்கு ஒரு பாரம் இறங்கியது, இன்னொரு பாரம் ஏறியது. அண்ணன் சரியாகத்தான் கட்டுகிறான், அல்லது நான் பார்க்கிறேன் என்பதால் சரியாகக் கட்டுகிறான். இரண்டாவது நினைப்பு வந்ததற்கு அவள் தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் அது நினைப்புத்தானே, வந்துவிட்டது.

எடுத்த காயைத் திரும்பப் போட்டு, தன் கையாலேயே வாயைத் தைத்து, சாக்கை ஜீப்பின் பின்னால் நிறுத்தினாள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கையை அதன் மேல் போட்டுக்கொண்டாள். வழியில் ஒரு ஈ, எறும்பு அதைத் தொடக்கூடாது.

ஜீப் ஓட்டுகிற முனியசாமிக்கு எப்போதும் எதையாவது கொறிக்க வேண்டும். முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மிக்சர் வைத்திருந்தான். ஜீப் பாறையில் ஏறி இறங்கி, பள்ளத்தில் விழுந்து எழுந்து, போகிற போக்கில் தேவியின் பல்லே ஆடியது. சாக்கு நின்ற இடத்திலேயே நின்று குலுங்கிக்கொண்டிருந்தது. குரங்கணி தாண்டி நல்ல ரோட்டுக்கு வந்ததும் முனியசாமி டப்பாவைத் திறந்து பின்னால் நீட்டினான்.

“சாப்பிடுங்கக்கா. மேல கடலையா இருக்கும்.”

தேவி ஒரு கை எடுத்தாள். கடலையும் பொட்டுக்கடலையும்தான் இருந்தது. டப்பாவைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். ஓமப்பொடித் தூளெல்லாம் அடியில் கிடந்தது.

“நீங்க இப்படியா வாங்குனீக?”

“கடையில கலந்துதான் குடுப்பாங்க. இந்த ரோட்டுல ஒரு நடை போனா இப்படித்தான் ஆயிரும். பெருசு மேல வந்துரும், தூளு அடிக்குப் போயிரும். அதனால வர்றப்போ கடலை, போறப்போ தூளு” என்று சிரித்தான் முனியசாமி.

தேவி டப்பாவைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். கழுத்தில் ஒரு சாண் இடம். நேராக நிற்கிற சாக்கு. வழி நெடுகக் குலுக்கல். வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்து, “வெரசா ஓட்டுங்கண்ணே, வெரசா” என்று கத்தினாள். முனியசாமி யாருக்கோ பிரசவ வலி வந்த மாதிரி ஓட்டினான்.

கடையில் எல்லார் முன்னாலும் தையலைப் பிரித்தாள். ஈஸ்வரனையே எடுக்கச் சொன்னாள். வாயில் நூறு எடுத்தான், நான்கு விழுந்தது. அடியில் குத்தி எடுத்தான், இருபத்தொன்று விழுந்தது. தோட்டத்தில் கட்டும்போது ஒன்பதும் பன்னிரண்டுமாக இருந்த சாக்கு, அவள் கையை எடுக்காமல் கொண்டுவந்த சாக்கு, போடிக்கு வந்து சேர்ந்தபோது தானாகப் பிரிந்திருந்தது.

“ரோடுதான் பிரிச்சிருக்கு” என்றாள் தேவி. “எங்கண்ணனும் பொய் சொல்லல, இவுகளும் பொய் சொல்லல.”

எல்லாரும் சாக்கைச் சுற்றி நின்று அதிசயம் பார்த்தார்கள். ஈஸ்வரன் மட்டும் குத்தூசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“தேவி, இத்தனை வருசமா வேண்டியவனுக்கு வாய்க்காயைப் பாத்தேன், வேண்டாதவனுக்கு அடிக்காயைப் பாத்தேன்” என்றான். “நம்ம ஆளெல்லாம் யோக்கியன், அசலூர்க்காரன் எல்லாம் கள்ளன்னு நெனச்சேனே. நான் கள்ளன்னு திருப்பி அனுப்புன சாக்கெல்லாம்?” தேவிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இல்லை என்று சொல்லித் தேற்றவும் முடியவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது சரி.

கோட்டைச்சாமி வியாபாரி. அதிசயத்திலேயே நின்றுவிடுகிறவர் இல்லை. “சரிம்மா, ரோடு பிரிச்சிருச்சு, ஒத்துக்கிறேன். இந்தச் சாக்கு நீ பாக்கக் கட்டுனது. செவ்வாக்கிழமைச் சாக்கு யாரும் பாக்காம கட்டுனது. அதுல மொத்தத்துக்கு நூத்துக்குப் பத்துதானா, இருபதா? வாயும் நம்ப முடியாது, அடியும் நம்ப முடியாதுன்னா, எத நம்பி நான் வாங்குறது? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவுக சொன்னது பொய்யா?”

“பொய் இல்ல மொதலாளி. பானையில சோறு கொதிச்சுக் கொதிச்சு மேலயும் கீழயும் பொரளுது, அதனால ஒரு சோறு போதும். சாக்கு கொதிக்குமா? நம்மதான் கொட்டிப் பொரட்டணும்.” தேவி மூச்சை இழுத்துவிட்டாள். “சனிக்கிழமை எங்கண்ணனை வரச் சொல்லுங்க. அந்தச் சாக்கைத் தார்ப்பாய்ல கொட்டிப் பொரட்டி நூறு எடுப்போம். ஆனா எடுக்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு பேசிக்குவோம். பத்து இருக்குற தொட்டியில பதினேழு வரைக்கும் வந்ததை நம்ம எல்லாருமே பாத்தோம். பதினேழு வரைக்கும் விழுந்தா எங்கண்ணன் வாக்கைத் தட்டக்கூடாது. பதினெட்டும் அதுக்கு மேலயும் விழுந்தா, அவன் சொன்ன வாக்கு நிக்காது. விழுந்த பெறகு பேச்சு மாத்தக்கூடாது, நீங்களும் நானும்.”

கோட்டைச்சாமி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, “சரி, பேச்சு பேச்சுத்தான்” என்றார்.

சனிக்கிழமை சோலைமலை வந்தான். சாக்கு பிரிந்த கதையை முனியசாமி மலையெல்லாம் பரப்பியிருந்தான், அதனால் மாப்பிள்ளையிடம் தலையை ஆட்டும் அளவுக்குக் கோபம் தணிந்திருந்தது. தங்கையைப் பார்க்கவில்லை. ஊசியோடு வந்ததை அவன் இன்னும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைச் சாக்கைத் தார்ப்பாயில் கொட்டினார்கள். ஈஸ்வரனும் இரண்டு சுமைக்காரர்களும் பாயின் முனைகளைப் பிடித்து மாற்றி மாற்றிப் புரட்டினார்கள். தேவி குவியலில் அங்கங்கே டம்ளரால் மொண்டு ஒரு முறத்தில் சேர்த்து, அதைக் கிளறி, நூறு எண்ணிச் சல்லடையில் போட்டு, கீழே காலி முறம் ஒன்றை வைத்து ஆட்டினாள். பதினெட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் வியாழக்கிழமையே பேசிவிட்டாள். அப்போது அது வாயில் சுலபமாக வந்துவிட்டது. இப்போது காய் ஒவ்வொன்றாகக் கீழே சொத்துச் சொத்தென்று விழுவதை அவளால் எண்ணாமல் ஆட்ட முடியவில்லை.

அடி முறத்தில் விழுந்ததை முனீஸ்வரி எண்ணினாள். ஒன்பது, பத்து. சோலைமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதினொன்று, பன்னிரண்டு. முறத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. பதிமூன்று. பதினான்கு. முனீஸ்வரி விரலால் முறத்தைத் தடவிப் பார்த்தாள். வேறு இல்லை.

“பதினாலு” என்றாள்.

கோட்டைச்சாமி மீசையைத் தடவினார். “பேச்சு பேச்சுத்தான். சாக்கை ஏத்து.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், யாரோ டீ சொல்லப் போனார்கள். ஆனால் சோலைமலை நகரவில்லை.

“நான் பத்துன்னுல்ல சொன்னேன், பதினாலு வந்திருக்கே? அப்ப என் வாக்கு பொய்யா?”

“பொய்யின்னு சொல்ல முடியாதுண்ணே” என்றாள் தேவி. “பத்தே இருக்குற சாக்குலயும் பதினாலு வரும். மெய்யின்னும் அடிச்சுச் சொல்ல முடியாது, பன்னெண்டு, பதிமூணு இருந்தாலும் பதினாலு வரும். உன் வாக்கைத் தட்ட எங்ககிட்ட சாட்சி இல்ல, அம்புட்டுத்தான்.”

“இதென்னடி தீர்ப்பு, ரெண்டுங்கெட்டானா?”

“நூறு காய்க்கு இம்புட்டுத்தான் சொல்லத் தெரியும்ணே.”

சோலைமலை சல்லடையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

“பதினெட்டு விழுந்திருந்தா?”

ஒரு சின்னப் பொய் சொன்னால் அண்ணன் இந்த நிமிடமே தங்கச்சி என்று கூப்பிட்டுவிடுவான் என்று தேவிக்குத் தெரியும்.

“சொல்லிருப்பேன்ணே. எல்லாரு முன்னாலயும், உன் வாக்கு நிக்கலைன்னு சொல்லிருப்பேன்.”

“அண்ணன்னு பாக்காம?”

“பாக்காம. சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன்.”

ஈஸ்வரன் இரண்டு பேருக்கும் நடுவில் வரலாமா என்று ஒரு அடி எடுத்துவைத்து நின்றான். சோலைமலை சல்லடைக்குக் கீழே கிடந்த பொடிக்காயை உள்ளங்கையில் அள்ளிக் குவியலில் போட்டான்.

“மாப்ளே, அடுத்த லோடுல இருந்து என் சாக்கையும் கொட்டிப் பொரட்டியே எடு. வாயும் வேண்டாம், அடியும் வேண்டாம்” என்றான். பிறகு தங்கையிடம் திரும்பினான். “பதினெட்டு விழுந்தாலும் அண்ணனுக்காக மறைச்சிருப்பேன்னு மட்டும் நீ சொல்லிருந்தா, இந்தப் பதினாலை நான் ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிக்க முடியாது. தங்கச்சி எண்ணுனா வேற எத்தனை வரும்னு சிரிப்பானுக. வா, வீட்டுக்குப் போவோம். எனக்குப் பசிக்குது.”